விளக்கு எரிந்தால் முதலில் அளப்போம்

(பம்பலப்பிட்டியில் வாகன உரிமையாளர்களும் சாரதிகளும் கராஜ் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிராடோ, பஜேரோ, மொன்டேரோ, ஹைலக்ஸ், டிஸ்கவரி, எதுவாகவும் இருக்கட்டும். டீசல் ஜீப் வைத்திருக்கிற எவரும் ஒருநாள் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் படத்தைப் பார்த்தே தீருவார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். என் பேச்சு முழுவதற்கும் ஒரே கருத்துத்தான்: அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. மற்றதெல்லாம் அதன் விரிவு.

இதை இப்போது வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில், 2022இல், 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியது. பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. புதிய வாகனம் வாங்க முடியாதவர்கள் இருக்கிறதைப் பேணிக்கொண்டு ஓடுகிறார்கள். பதினைந்து இருபது வயதான ஜீப்புகள் இன்றும் காலி வீதியில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் ஊகத்தை நம்பி நாலு இன்ஜெக்டர்களையும் மாற்றினால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போய்விடும். மாற்றியும் விளக்கு அணையாவிட்டால் அந்தக் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?

அந்த விளக்கு எதற்காக வந்தது என்று தெரிந்தால் அது சொல்வதும் விளங்கும். கலிபோர்னியாவில் காற்று மாசு தாங்க முடியாத அளவுக்குப் போனது. வெளியேறும் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளை வாகனமே கண்காணித்துச் சாரதிக்குச் சொல்ல வேண்டும் என்று அங்குள்ள காற்று வள வாரியம் விதித்தது. 1988ஆம் ஆண்டு வாகனங்களில் அது தொடங்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகையான 16 முனைச் சொக்கெட், ஒரே வகையான பிழைக் குறியீடு என்று ஒழுங்கு வந்தது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும், டீசல் கார்களுக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் அதே ஏற்பாடு கட்டாயமானது. ஆக, புகைக்குக் காவல் இருக்கத்தான் அந்த விளக்கு பிறந்தது. எந்தப் பாகம் பழுது என்று கராஜுக்குச் சொல்லிக் கொடுப்பது அதன் முதல் வேலையாக இருந்ததில்லை.

அந்தச் சொக்கெட்டில் மாட்டும் ஸ்கேனரில் வரும் குறியீட்டை நீங்கள் பொலிஸ் நிலையத்தில் பதிவான ஒரு முறைப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். அது கவனிக்க வேண்டிய விஷயம். ஆனால் விசாரணை இனிமேல்தான் தொடங்கவேண்டும். முறைப்பாட்டில் பெயர் வந்ததற்காக ஒருவரைத் தண்டித்துவிட முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பீ 0401 என்ற குறியீடு நம் ஜீப்புகளில் அடிக்கடி வரும். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். பாதையில் ஓட்டம் போதவில்லை என்பது அதன் பொருள். இதைப் பார்த்ததும் ஈ.ஜி.ஆர். வால்வை வாங்கப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓடுகிறோம். அந்த ஓட்டத்தை எஞ்சின் கணினி எப்படி அறிகிறது? பல எஞ்சின்களில் அதை நேரடியாக அளப்பதில்லை. வால்வைத் திறக்கும்போது வெளியிலிருந்து வரும் புதுக்காற்று எவ்வளவு குறைகிறது என்று காற்று மீற்றர் சொல்கிறது. அதைக்கொண்டு கணினி கணக்குப் போடுகிறது. அந்தக் காற்று மீற்றரில் தூசி படிந்திருந்தாலும், வால்வை இழுக்கும் வெற்றிடக் குழாய் வெடித்திருந்தாலும், பாதை கரியால் அடைத்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். குழாய் வெடித்திருந்தால் சில நூறு ரூபாவுடன் முடியும் வேலை அது. வால்வை மாற்றிவிட்டுப் பழைய குழாயை அப்படியே விட்டால் சில நாட்களில் விளக்கு திரும்பவும் எரியும்.

இனி, விளக்கு எரிந்த அந்த நிமிடத்துக்கு வருவோம். முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓயில் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். வீடு பக்கத்தில்தானே என்று போகக் கூடாது. ஓயில் அழுத்தம் இல்லாமல் போகும் அந்தக் கொஞ்சத் தூரத்தில் பெயரிங்குகள் உருகிவிடலாம். வெப்பநிலை முள் சிவப்புக்குப் போனாலும் அதே விதிதான். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. மஞ்சள் விளக்குடன் எஞ்சினின் பலமும் குறைந்தால், கணினி தன்னைக் காத்துக்கொள்ள எரிபொருளைக் குறைத்திருக்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஓட்டிக் கராஜுக்கு வந்து சேருங்கள்.

அடுத்து, பற்றரி வயரைக் கழற்றி மாட்டும் பழக்கம். அப்படிச் செய்தால் விளக்கு அணையும். கூடவே தடயமும் அழியும். குறியீடு பதிவாகும் கணத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, என்ன வேகம், கூலன்ட் என்ன வெப்பம், எவ்வளவு சுமை என்பதையெல்லாம் கணினி சேர்த்துப் பதிந்து வைக்கிறது. ஏற்றத்தில் வந்த பழுதா, சும்மா நின்றபோது வந்த பழுதா என்று சொல்லும் அரிய குறிப்பு அது. ஆகவே வாசித்து, எழுதி, படம் எடுத்து வைத்த பிறகுதான் எதையும் அழிக்க வேண்டும். சாரதியும் தன் பங்குக்கு எழுதி வைக்கட்டும்: எங்கே, எந்த நேரம், மழையா வெயிலா, கடைசியாக எங்கே டீசல் அடித்தது என்று.

ஸ்கேனரைப் பற்றியும் ஒரு சொல். கைபேசியுடன் இணைக்கும் மலிவான கருவிகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. பொதுக் குறியீடுகளை வாசிக்க அவை உதவும். ஆனால் ஜப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று தயாரான பல வாகனங்களில் அந்த 16 முனைச் சொக்கெட் இருந்தும் இந்தக் கருவிகள் பேசாது. அவற்றுக்கு அந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும். பல டொயோட்டாக்களில் சொக்கெட்டின் 13ஆம், 4ஆம் முனைகளை வயரால் இணைத்தால் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்து குறியீட்டைக் காட்டும். ஆனால் 16ஆம் முனையில் நேரடி பற்றரி மின்சாரம் இருக்கிறது. பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். முனை மாறினால் கணினிக்கே ஆபத்து.

இப்போது இந்தக் கரையோரத்துக்கே உரிய ஒரு விஷயம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம், மரைன் டிரைவுக்குக் கிட்ட இரவில் வாகனம் நிற்கிறது. கடற்காற்றில் உப்பு வருகிறது. அது பற்றரி முனையிலும், எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் வயரின் அடியிலும், இணைப்பிகளுக்குள்ளும் பச்சையாய்ப் பூக்கிறது. சென்சர்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. எர்த் சற்றுப் பிழைத்தாலும் அவை தரும் அளவு பிழைக்கும். ஒரே நேரத்தில் நாலைந்து விளக்குகள் எரிந்தால் நாலைந்து பாகங்களும் ஒன்றாகப் பழுதாகிவிட்டன என்று பயப்படாதீர்கள். மல்டிமீற்றரை எடுங்கள். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு முனையை எஞ்சின் புளொக்கிலும் மறுமுனையை பற்றரியின் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. ஒரு கம்பிப் பிரஷ்ஷும் பத்து நிமிட வேலையும் தீர்க்கும் பழுதுக்கு ஏன் இலட்சக் கணக்கில் செலவழிக்க வேண்டும்?

விளக்குகள் கூட்டமாக எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிராடோவில் எஞ்சின் விளக்கு எரிந்ததும், வாகனம் சறுக்காமல் காக்கும் வி.எஸ்.சி. ஏற்பாட்டைக் கணினி நிறுத்திவிடுகிறது. அதன் விளக்கும் சேர்ந்து எரியும். சில வேளை நாலு சில்லு இழுவையின் விளக்கும் மினுக்கும். பழுது எஞ்சினில் ஒன்றுதான். டிஸ்கவரி 3இல் பிரேக் பெடலின் மேலுள்ள சின்னச் சுவிட்ச் தேய்ந்தால், இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு பழுது, விசேட ஓட்டமுறை இல்லை என்றெல்லாம் திரையில் செய்தி வரும். அதில் பற்றரி தளர்ந்தால் சஸ்பென்ஷன் பழுது என்றுகூட வரும். எனவே செய்திகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரளாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான வேர் எது என்று தேட வேண்டும்.

அடுத்து டீசல் எஞ்சினின் இதயத்துக்குப் போவோம். நம்மில் பலர் டொல்பின் வேனின் 3எல் எஞ்சினில் தொழில் பழகியவர்கள். அதில் நொசில் திறக்க 150 பார் அளவு அழுத்தம் போதும். 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லொறியில், டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாயில் (ரெயிலில்) தேக்கி இன்ஜெக்டர்களுக்குப் பகிரும் கொமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. 1997இல் ஐரோப்பியக் கார்களுக்கும் அது வந்தது. அப்போதே அழுத்தம் 1350 பார். இன்றைய எஞ்சின்களில் அது 2000 பாரைத் தொடுகிறது. இவ்வளவு அழுத்தத்தில் டீசல் போகும் இடைவெளிகள் மயிரிழையை விட மிகச் சிறியவை. ஒரு துளி நீரும் துளித் தூசியும் அங்கே பெரிய சேதம் செய்யும்.

கொழும்புக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடும் ஜீப், கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் சட்டென்று பலம் இழக்கிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் ஓடுகிறது. ஸ்கேன் பண்ணினால் பீ 0087, அதாவது ரெயிலில் எரிபொருள் அழுத்தம் போதவில்லை. கொமன் ரெயில் ஜீப்புகளில் இது வழக்கமான கதை. சமதரையில் எஞ்சின் கேட்கும் டீசல் குறைவு. ஏற்றத்தில்தான் முழு அளவும் கேட்கிறது. அப்போதுதான் குறை வெளியே தெரிகிறது. ஆகவே நின்ற இடத்தில் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக் கூடாது. சுமையோடு ஓட்டி, கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேனரில் பார்க்க வேண்டும். இரண்டும் பிரியும் இடம் நமக்கு வழி காட்டும்.

பிறகு மலிவானதிலிருந்து விலை கூடியதை நோக்கிப் போக வேண்டும். முதலில் டீசல் பில்டர். எப்போது மாற்றியது? அடியில் நீர் இருக்கிறதா? இரண்டாவது, டாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள பாதை. கண்ணாடிபோல் தெரியும் குழாய்த் துண்டு ஒன்றை இடையில் மாட்டிக் காற்றுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டாங்கியின் அடிவலையில் சேறு பிடித்திருக்கலாம். மூன்றாவது, இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசல். நாலுக்கும் நாலு சிறு போத்தல்களை மாட்டி ஓடவிட்டு அளந்தால், தேய்ந்த இன்ஜெக்டரின் போத்தல் மற்றவற்றை முந்தி நிறையும். அந்த ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும், நாலையும் அல்ல. நாலாவது, பம்பில் டீசல் உள்ளே போகும் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு. 3.2 லீற்றர் பஜேரோவில் இது தேயும்போது எஞ்சின் சும்மா நிற்கையில் நடுங்கும், சில வேளை நின்றும்விடும். ரெயிலின் முனையிலுள்ள அழுத்தத் தடுப்பு வால்வு கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனையும் தேறிய பிறகுதான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். நடைமுறையிலோ பல வேளை பம்பிலிருந்துதான் தொடங்குகிறோம்.

2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருள் கியூ.ஆர். அட்டை வரும்வரை கிடைத்ததைக் கான்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்து வைத்தோம். ஈரக்காற்றுப் பட்டு அவற்றில் நீர் சேர்ந்தது. அந்தக் காலத்து டீசலின் சேறு இன்னும் சில டாங்கிகளின் அடியில் கிடக்கலாம். நீர்த்துளிப் படத்துடன் மஞ்சள் விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம். பில்டரின் அடியிலுள்ள திருகை இளக்கி, மேலுள்ள கைப்பம்பை அழுத்தி, சுத்தமான டீசல் வரும்வரை நீரை இறக்கிவிடுங்கள். இதைச் சாரதியே செய்யலாம், செலவும் இல்லை.

கராஜ் தொழிலில் ஊறிய பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே நொசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாக இளக்குவது பழைய முறை. கொமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஒரு புள்ளிக் காயம்தான் தெரியும். உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனடியாக அறுவைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். கசிவைத் தேடக் கையை நீட்டாதீர்கள், அட்டைத் துண்டைப் பிடியுங்கள். அந்தச் சிலிண்டர்ச் சோதனையை ஸ்கேனரே இன்று செய்து தரும்: ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மாறி மாறி நிறுத்திக் காட்டும், கணினி எந்தச் சிலிண்டருக்குக் கூடுதல் டீசல் கொடுத்துச் சமாளிக்கிறது என்ற அளவையும் தரும்.

பிராடோ, ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 3.0 லீற்றர் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு ஓயிலுக்குள் இறங்கிக் கரியாகிறது. அந்தக் கரி ஓயிலை உறிஞ்சும் வலையை அடைக்கிறது. பிறகுதான் நான் முதலில் சொன்ன சிவப்பு விளக்கு. அது எரியும்போது பல வேளை காலம் கடந்திருக்கும். ஆகவே காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வழமைக்கு மாறாக எஞ்சின் தட்டுகிறதா, ஓயில் மூடியைத் திறந்தால் கட்டிக் கரி தெரிகிறதா என்று பாருங்கள். வாஷர்களை நேரத்துக்கு மாற்றுவது எஞ்சினை மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

இனிப் புகை வடிகட்டி. டி.பி.எஃப். என்று சொல்கிறோம். புதிய டீசல் ஜீப்புகளில் அது கரித்துகளைப் பிடித்து வைத்து, ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரித்து வாயுவாக்குகிறது. பம்பலப்பிட்டிச் சந்தியிலிருந்து வெள்ளவத்தைச் சந்தை வரை காலையில் ஊர்ந்து போகும் வாகனத்தில் அந்த வெப்பம் எப்படி வரும்? வடிகட்டி நிறைகிறது, விளக்கு எரிகிறது. பழுதே இல்லாமல் எரியும் விளக்கு இது. தெற்கு அதிவேகப் பாதையில் சீரான வேகத்தில் இருபது முப்பது நிமிடம் ஓடினால் பெரும்பாலும் தானாக அணையும். அணையாவிட்டால் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை அளக்க வேண்டும். யூரோ 4 தர சுப்பர் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்குள். சாதாரண ஓட்டோ டீசலில் அது பலமடங்கு அதிகம். வடிகட்டி உள்ள வாகனத்துக்குச் சுப்பர் டீசலும் சாம்பல் குறைந்த ஓயிலும்தான் ஏற்றவை.

பலர் இந்த வடிகட்டியை வெட்டி எறிகிறார்கள், ஈ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைக்கிறார்கள், பிறகு விளக்கு எரியாதபடி கணினியையும் மாற்றி எழுதுகிறார்கள். இதை நான் முழுமனத்தோடு எதிர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற உறுதியான முதற்பிரிவில் சேர்த்தது. காலி வீதியின் இருபுறமும் பாடசாலைகள். பீட்டர்ஸ் கல்லூரிப் பிள்ளைகளும், இந்துக் கல்லூரிப் பிள்ளைகளும், இராமநாதன் இந்து மகளிர் கல்லூரிப் பிள்ளைகளும் மூச்சுவிடுவது இந்தக் காற்றைத்தான். 2008 முதல் வருடாந்தம் நடக்கும் புகைப் பரிசோதனை அடர்த்தியைத்தான் அளக்கிறது. அதில் தேறிவிட்டோம் என்பதற்காக நம் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அளந்து பார்க்கும் ஒழுக்கம் நமக்குப் புதிதல்ல. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் தடை இருந்த காலம் இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் பெற்றோல் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிப்பாகம் வராத ஊரில் ஊகத்தில் மாற்றிப் பார்க்க இடமே இல்லை. ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தார்கள், காதுகொடுத்துக் கேட்டார்கள், ஒவ்வொன்றாகச் சோதித்து, உறுதியானபின் கழற்றினார்கள். அந்த எஞ்சின்களில் கணினி இல்லை, சொல்லும் விளக்கு இல்லை. அந்தக் கைகளின் கவனத்தை இன்றைய கருவிகளோடு சேர்த்தால் நம் கராஜுகள் எந்த நாட்டுக் கராஜுக்கும் குறைந்தவையாக இருக்கமாட்டா.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் யாரோ அதை மறைத்திருக்கலாம். ஸ்கேனரில் சுயசோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். பற்றரியை மாற்றியிருந்தாலும் அப்படிக் காட்டும். ஆகவே சில நாட்கள் ஓட்டிய பின் மறுபடி பார்க்கக் கேளுங்கள்.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். உரிமையாளர்களே, கராஜில் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன குறியீடு வந்தது, எதை அளந்தீர்கள், அந்த அளவு எவ்வளவாக இருக்க வேண்டும். கேட்பதை அவநம்பிக்கை என்று நல்ல தொழிலாளி நினைக்கமாட்டார். அளக்கச் செலவான நேரத்துக்கும் மனமுவந்து கூலி கொடுங்கள். பாகத்துக்கு மட்டும் காசு, மூளைக்குக் காசில்லை என்று நாங்கள் நினைக்கும்வரை கராஜுகள் பாகத்தைத்தான் மாற்றிக்கொண்டிருக்கும்.

கராஜ் நடத்துபவர்களே, பில்லில் பாகத்தின் பெயரோடு அளவையும் எழுதுங்கள். மாற்றும் முன் ரெயில் அழுத்தம் எவ்வளவு, மாற்றிய பின் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும். உங்கள் வேலைக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

தொழில் பழகும் தம்பி தங்கைமாரே, 1959இல் தொடங்கிய மொரட்டுவை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் இந்தக் கல்வி கிடைக்கிறது. போய்ப் படியுங்கள். படித்ததைத் தமிழில் எழுதி வையுங்கள். ஒரு பழுது, அதற்கு வந்த குறியீடு, நீங்கள் எடுத்த அளவுகள், உண்மையில் இருந்த காரணம் என்று பக்கத்துக்கு ஒன்றாக எழுதினால், சில ஆண்டுகளில் வெள்ளவத்தையிலிருந்து வவுனியா வரை எந்தக் கராஜிலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு கைநூல் நம்மிடம் இருக்கும். அதை எழுதத் தேவையான அனுபவம் முழுவதும் இந்த அவையிலேயே இருக்கிறது. இன்றைக்கு இரவே முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.